பெரிய பெயரா, நல்ல ஆய்வுக்கூடமா?

கேள்வி: மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, பொருளறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளாக ஒரு பேட்டரி தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 29. லித்தியம் பேட்டரிகள் ஏன் எதிர்பார்த்ததை விட வேகமாகத் திறன் இழக்கின்றன என்பதைத்தான் தினமும் பார்க்கிறேன். அதையே ஆழமாக ஆராய்ந்து பிஎச்.டி. செய்ய ஆசை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெரும்பாலானோர் பதிலே போடவில்லை. இப்போது கையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, உலகமே அறிந்த ஒரு பல்கலைக்கழகம். ஆனால் உதவித்தொகை கிடையாது. "முதல் ஆண்டைச் சொந்தச் செலவில் சமாளியுங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறார் பேராசிரியர். இன்னொன்று, அதிகம் பேர் கேள்விப்படாத பல்கலைக்கழகம். நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளம் உறுதி. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் பெரிய பெயரைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். இந்த வயதில் ஆரம்பிப்பது தாமதமா? பேராசிரியர் ஆகும் எண்ணம் எனக்கு இல்லை. அப்படியிருக்க இந்தப் பட்டம் தேவைதானா? – ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் தரும் இடத்தை எடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடமும், படித்து முடித்து வெளியேறிய ஒருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அவர்கள் சொல்வது மோசமாக இருந்தால் இரண்டையுமே விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு விண்ணப்பியுங்கள். உங்களுக்கு வேலை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. அவசரப்பட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்டத்துக்கு மாணவர் கைக்காசு செலவழிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். சோதனைக் கருவியின் முன் நின்று தரவு எடுப்பது, மாதிரி தயாரிப்பது, கட்டுரை எழுதுவது, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது எல்லாமே வேலை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு வேலையில் பெரும்பகுதி ஆய்வு மாணவர்களின் கையால்தான் நடக்கிறது. உலகில் பல நாடுகள் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தில் பெரும்பாலான ஆய்வு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். பொதுவாக நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஓய்வூதியப் பங்களிப்பு உட்பட. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கிலும் இடங்கள் வேலைவாய்ப்பு விளம்பரமாகவே வருகின்றன. ஜெர்மனியில் அரசு ஊதிய அட்டவணையின் 13ஆம் நிலையில் சம்பளம்; பொறியியலில் பெரும்பாலும் முழு வேலை, வேதியியல், உயிரியல் போன்றவற்றில் பல சமயம் பாதி அல்லது முக்கால் வேலையாக ஒப்பந்தம் போடுவார்கள். அமெரிக்காவில் ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். இளநிலை முடித்த கையோடே சேரலாம், முதல் இரண்டு ஆண்டு பாடங்கள், ஒரு தகுதித் தேர்வு, அப்புறம்தான் முழுநேர ஆய்வு. அங்கே நல்ல துறைகள் அனுமதிக் கடிதத்திலேயே கல்விக் கட்டண விலக்கையும் ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் ஊதியத்தையும் எழுதிக் கொடுத்துவிடும். பிரிட்டனில் மூன்று முதல் நான்கு ஆண்டு. அங்கே இடம் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. வெளிநாட்டு மாணவர்கள் இந்த இடைவெளியில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் முதல் வாய்ப்பும் அப்படிப்பட்டதுதான். "பிறகு பார்க்கலாம்" என்பது வாக்குறுதி அல்ல. இதைச் சொல்லும் பேராசிரியர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் உண்மையிலேயே அடுத்த நிதிக்கு விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் போட்டியுள்ள ஆய்வு நிதிகளில் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. இன்னொரு விஷயம், இதைப் பலரும் யோசிப்பதில்லை: மாணவருக்கு ஊதியம் தரப் பணம் இல்லாத திட்டத்தில் வேதிப்பொருள் வாங்கவும், மின்னணு நுண்ணோக்கியில் நேரம் வாங்கவும் பணம் இருக்குமா? பேட்டரி ஆய்வு காகிதத்தில் நடப்பதில்லை. மின்முனைப் பொருள், காற்று படாமல் வேலை செய்ய ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸ் என்ற மூடிய பெட்டி, பேட்டரியை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்து காலியாக்கும் சைக்ளிங் கருவி எல்லாம் வேண்டும் என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். சொந்தச் செலவில் போய் அங்கே காத்திருப்பதில் ஒரு ஆண்டு கரைந்துவிடும். வீட்டில் இதை விளக்குங்கள். அவர்கள் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். நிதி இல்லாத இடம் என்றால் உள்ளே என்ன நடக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பெரிய பெயரைப் பற்றி. இளநிலைப் படிப்பில் பெயருக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. முனைவர் பட்டத்தில் கணக்கு மாறுகிறது. உங்களை அடுத்து வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது நீங்கள் யாரிடம் ஆய்வு செய்தீர்கள், எந்தக் கேள்விக்கு விடை கண்டீர்கள், எந்தக் கருவியை ஓட்டத் தெரியும் என்பதை. 2018ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற டோனா ஸ்ட்ரிக்லாண்ட் கனடாவிலிருந்து அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆய்வு செய்தவர். ஹார்வர்டு, எம்.ஐ.டி. போல எல்லோர் வாயிலும் வரும் பெயர் அல்ல அது. ஆனால் ஒளியியலிலும் லேசரிலும் அதற்குப் பலமான ஆய்வுக்கூடங்கள் இருந்தன. அங்கே தன் நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்திய பேராசிரியர், ஜெரார்ட் மூருவுடன் சேர்ந்து, லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்கும் முறையை உருவாக்கினார். 1985ல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் அவர் எழுதிய முதல் ஆய்வுக்கட்டுரை. இன்று கண் அறுவை சிகிச்சை வரை பயன்படும் அதிவேக லேசர்களுக்கு அடிப்படை அது. இதை நான் சொல்வது நோபலுக்கு ஆசைப்படுங்கள் என்பதற்காக அல்ல. உங்கள் கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடம் பலமானது என்று தேடினால் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல் காட்டும் வரிசை தலைகீழாகப் போகலாம். அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது, மாணவர்களிடம் பேசும் வேலைக்கு வருகிறேன். இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

நெறியாளர் எப்படிப்பட்டவர் என்பது அந்த நான்கு ஆண்டுகளின் ஒவ்வொரு வாரத்தையும் தீர்மானிக்கும். நேச்சர் இதழ் 2019ல் உலகெங்கும் 6,000க்கும் மேற்பட்ட ஆய்வு மாணவர்களிடம் நடத்திய கருத்தெடுப்பில் 36 சதவீதம் பேர் படிப்பு சார்ந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாகச் சொன்னார்கள். இதில் பல காரணங்கள் கலந்திருக்கும். ஆனால் என்னிடம் உடைந்துபோய் வந்து பேசிய வேறு துறை மாணவர்களின் கதைகளில் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான்: நெறியாளரைப் பார்க்கவே முடியவில்லை, அல்லது பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே கேளுங்கள். நெறியாளரைத் தனியாக எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திக்கிறீர்கள்? கட்டுரை வரைவைக் கொடுத்தால் திருத்தி வரச் சராசரியாக எவ்வளவு நாள் ஆகிறது? வாரங்களா, மாதங்களா? உங்களுக்கு முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? முடிக்காமலே போனவர்கள் உண்டா, ஏன் போனார்கள்? சோதனை தோற்றுப்போன வாரத்தில் அவர் எப்படி நடந்துகொள்வார்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று எப்போது முடிவாகிறது? விடுமுறை எடுக்க முடிகிறதா? கருவிக்கான வரிசை எவ்வளவு நீளம்? இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். எழுத்தில் யாரும் உண்மையைச் சொல்லத் துணிய மாட்டார்கள். இருபது நிமிட வீடியோ அழைப்பு கேளுங்கள். வார்த்தையை மட்டும் அல்ல, தயக்கத்தையும் கவனியுங்கள். "அவர் ரொம்ப பிஸி" என்று சொல்லி நிறுத்திக்கொள்பவரிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

யாரிடமும் பேசாமலே தெரிந்துகொள்ளக் கூடியதும் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை இணையத்தில் சேமித்து வைத்திருக்கின்றன. அந்த நெறியாளரின் கீழ் வந்த ஆய்வேடுகளை எடுங்கள். மாணவர் பெயரை லிங்க்ட்இன்னில் தேடினால் சேர்ந்த ஆண்டும் முடித்த ஆண்டும் இப்போது என்ன செய்கிறார் என்பதும் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தின் பழைய குழுப் படங்களில் இடம்பெற்று, பிறகு எந்த ஆய்வேட்டிலும் காணாத முகங்கள் அதிகம் இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என்றால் பார்க்கப் பழைய மாணவர்களே இருக்க மாட்டார்கள். அதில் அபாயம் உண்டு, லாபமும் உண்டு: அவருக்கு நேரம் இருக்கும், உங்களோடு கருவி முன் நிற்பார், உங்கள் வெற்றி அவருக்கும் தேவை. அவர் முன்பு பணியாற்றிய இடத்தில் உடன் இருந்தவர்களைக் கேட்டால் போதும்.

பதில் வராத அந்த மின்னஞ்சல்களைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதிரியை இணைத்திருந்ததால் படித்துப் பார்த்தேன். நல்ல மொழி, பணிவு எல்லாம் இருக்கிறது. ஆனால் பெறுநர் பெயரை மாற்றிவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் போல இருக்கிறது. "தங்களின் சிறப்பான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு" என்று தொடங்கும் கடிதங்கள் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: நான்கு ஆண்டுகளாகப் பேட்டரிகள் செத்துப்போவதை நேரில் பார்த்த கண். அது உங்கள் கடிதத்தில் கடைசிப் பத்தியில், ஒரு வரியில் ஒளிந்து கிடக்கிறது. அதை முதல் வரிக்குக் கொண்டு வாருங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த உண்மையான சந்தேகம் ஒன்றைக் கேளுங்கள். உதாரணமாக, "குறைந்த வெப்பநிலையில் வேகமாக சார்ஜ் செய்யும்போது எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அது மறுபடி கரைந்துபோகும் பகுதியை எப்படிப் பிரித்து அளந்தீர்கள்?" இப்படி ஒரு கேள்வி வந்தால் நான் கட்டாயம் பதில் போடுவேன். மொத்தக் கடிதமும் ஒரு திரையில் முடிய வேண்டும். இரண்டு பக்க சி.வி. போதும்.

கடிதத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய பலரிடம் அந்த நேரத்தில் இடமே இருந்திருக்காது. பேராசிரியருக்குப் புது நிதி கிடைத்த சில மாதங்களில்தான் மாணவர் தேவைப்படுவார். அதைத் தெரிந்துகொள்ள ரகசிய வழி எதுவும் வேண்டாம். பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களைப் பல நாடுகள் பொதுவிலேயே பதிவிடுகின்றன. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு நிதி விவரத் தேடல் தளம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களுக்கு கார்டிஸ், ஜெர்மனிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச் என்று இதே போன்ற தளங்கள் உண்டு. உங்கள் துறைச் சொல்லைப் போட்டு, கடைசி ஆறு மாதத்தில் தொடங்கிய திட்டங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். திட்டத்தின் தலைப்பு, பொறுப்பாளர் பெயர், எந்தத் தேதி வரை நிதி என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஐரோப்பிய ஆய்வு மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்து ஆண்டு வரை நிதி தருகிறது. வெற்றி பெற்றவர்களின் பட்டியலைப் பெயரோடு வெளியிடும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பலர் அடுத்த மாதங்களில் மாணவர் தேடுவார்கள். விளம்பரம் வரும் முன்பே உங்கள் கடிதம் அவர் கையில் இருக்கும். இதே போல ஒரு கட்டுரையின் இறுதியில் உள்ள நன்றியுரையையும் படியுங்கள். எந்த நிதியில் அந்த வேலை நடந்தது, அது முடிந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கலாம்.

விளம்பரமாக வரும் இடங்களுக்கு யூராக்செஸ் தளத்தைத் தவறாமல் பாருங்கள். ஐரோப்பிய ஆணையம் நடத்துவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி திட்டத்தின் முனைவர் வலையமைப்புகள் (பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பிஎச்.டி. திட்டங்கள்) எந்த நாட்டவருக்கும் திறந்தவை, ஊதியமும் நல்லது. அதில் ஒரு நிபந்தனை: வேலைக்கு எடுக்கப்படும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த வேலை இருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. ஏற்கனவே அதே நாட்டில் வேலை பார்ப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் விண்ணப்பித்து ஏமாந்துபோகிறார்கள். ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள், ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றில் சேர்ந்தால் நிதி தானாகவே உண்டு. அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

29 வயது தாமதமா? நீங்கள் தினமும் கையில் பிடிக்கும் பேட்டரியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. லித்தியம் அயன் பேட்டரிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் இரண்டாம் உலகப் போரில் ராணுவ வானிலையாளராகப் பணியாற்றிவிட்டு இயற்பியல் படிக்க சிகாகோவுக்குப் போனபோது, இந்த வயதுக்குள் சாதிப்பவர்கள் சாதித்து முடித்திருப்பார்கள் என்று அங்கிருந்த ஒரு பேராசிரியர் சொன்னாராம். குட்இனஃப் முனைவர் பட்டம் பெற்றது 1952ல், முப்பதை ஒட்டி. லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நேர்மின்முனையை ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கியபோது 1980, ஐம்பதுகளின் கடைசி. 2019ல் 97 வயதில் நோபல். அவரோடு அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட அகிரா யோஷினோ உங்களைப் போலவே தொழில்துறைக்காரர். ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனத்தில் 1985ல் லித்தியம் அயன் பேட்டரியின் நடைமுறை வடிவத்தை உருவாக்கியவர், ஒசாகா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது 2005ல், 57 வயதில். தொழிற்சாலையில் இருந்துவிட்டு வரும் மாணவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தக் கேள்வி முக்கியமானது என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். எந்தச் சோதனையை நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். அவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது வருமானம் குறைவதும், முதல் ஆண்டில் பாடப் புத்தகத்தை மறுபடி திறப்பதும்தான். உங்கள் விஷயத்தில் மின்வேதியியலையும் கொஞ்சம் புள்ளியியலையும் இப்போதிலிருந்தே தூசு தட்டிவிடுங்கள்.

பேராசிரியர் ஆக விருப்பமில்லை என்பதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். பிரிட்டனின் ராயல் சொசைட்டி 2010ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கு அறிவியலில் முனைவர் பட்டம் பெறுபவர்களில் இருநூறில் ஒருவருக்கும் குறைவாகவே பேராசிரியர் ஆகிறார்கள். மற்ற எல்லோரும் வேறு எங்கோ வேலை செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் பட்டம் தேவையா என்பதை நீங்கள் விரும்பும் வேலையிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். உங்கள் தொழிற்சாலையிலோ வேறு நிறுவனத்திலோ, நீங்கள் போக நினைக்கும் பதவியில் இருக்கும் நான்கைந்து பேரைப் பாருங்கள். சோதனைப் பிரிவின் மேலாளர் ஆக வேண்டும் என்றால் பிஎச்.டி. அவசியமே இல்லை, நான்கு ஆண்டு அனுபவமே அதைச் செய்யும். புதிய மின்முனை வேதியியலை முடிவு செய்யும் ஆய்வுக் குழுவில் உட்கார வேண்டும் என்றால் பல நிறுவனங்களில் அந்தப் பட்டம் இல்லாமல் நேர்காணலுக்கே அழைக்க மாட்டார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் உங்கள் மனதில் இருப்பதாகத் தெரிகிறது. கேள்வியிலேயே உங்களுக்குப் பசி இருக்கிறது. அந்தப் பசி இல்லாமல் சம்பள உயர்வுக்காக மட்டும் வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இடையில் ஒரு வழியும் உண்டு. பிரான்சில் 1981 முதல் சிஃப்ர் என்ற திட்டம் இருக்கிறது: நிறுவனம் மாணவரை மூன்று ஆண்டு ஊழியராக வைத்துக்கொள்ளும், அரசு நிறுவனத்துக்கு மானியம் தரும், பல்கலைக்கழகம் பட்டம் தரும். டென்மார்க்கிலும் இது போன்ற தொழில்துறை முனைவர் திட்டம் உண்டு. இப்போதைய வாய்ப்பு சரிவராமல் போனால் அடுத்த சுற்றில் இவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் பின்னணிக்கு நன்றாகப் பொருந்தும்.

சரி, இந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது. இன்றே அந்தச் சிறிய பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு நன்றி சொல்லி, குழுவில் இப்போது இருக்கும் ஒருவரோடும் படித்து முடித்த ஒருவரோடும் பேச விரும்புவதாக எழுதுங்கள். யாரோடு பேசலாம் என்று அவரையே கேட்கலாம். ஆனால் அவர் சொல்லாத ஒருவரையும் நீங்களே தேடிப் பிடியுங்கள். மாணவர்களின் தொடர்பைத் தயங்காமல் கொடுக்கும் பேராசிரியர் பெரும்பாலும் நல்லவர். நேரம் போதாவிட்டால் ஒரு வாரம் கூடுதல் அவகாசம் கேளுங்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டும் ஒரே ஒப்பந்தமா அல்லது முதல் ஆண்டு மதிப்பீட்டுக்குப் பிறகு நீட்டிப்பா, கல்விக் கட்டணம் யார் தருவது, மருத்துவக் காப்பீடு உண்டா, பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் உங்கள் நிலை என்ன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்கும் மரியாதையாக ஒரு வரி: முழு நிதி எழுத்தில் கிடைத்தால் மகிழ்ச்சியோடு பரிசீலிப்பேன், இல்லையென்றால் வர இயலாது. சில சமயம் அந்த ஒரு வரி பணத்தைக் கொண்டு வந்துவிடுவதும் உண்டு. ஒப்பந்தமும் விசாவும் கையில் வரும் வரை வேலையை விடாதீர்கள்.

இன்னொன்று, இது மிகவும் முக்கியம். நான்கு ஆண்டு சேகரித்த சோதனைத் தரவுகளை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போய்விடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து. உங்கள் பணி ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு பெரும்பாலும் இருக்கும். பிறகு ஆய்வேட்டில் அந்தத் தரவு ஒரு படமாக வந்தால் கூட சிக்கல். மேலாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். செயலிழந்த செல்களில் சிலவற்றையாவது ஆய்வுக்குத் தர நிறுவனம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால், புது நெறியாளரிடம் முதல் நாளே கொண்டு போக உங்கள் கையில் நல்ல மாதிரிகள் இருக்கும்.